கொர்வெட் சி5: ஸ்டீயரிங் பூட்டு விலகவில்லை, வண்டி நகர்ந்தால் எஞ்சின் அணைகிறது, என்ன செய்யலாம்?

கறுப்பு_சி5

வணக்கம் மக்களே. 2001 கொர்வெட் சி5 (ஐந்தாம் தலைமுறை), ஆறு கியர் மேனுவல், டல்லாஸ் பக்கம் ஓடுகிற வண்டி. எஞ்சினில் இதுவரை ஒரு குறையும் இல்லை. குளிர் ஆரம்பித்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை. சாவியைப் போட்டுத் திருகினால் டேஷ்போர்டில் இருக்கிற எழுத்துத் திரையில் "சர்வீஸ் காலம் லாக்" என்று வருகிறது (காலம் என்றால் ஸ்டீயரிங் வீலைத் தாங்குகிற தண்டுப் பகுதி, அதன் பூட்டைக் கவனி என்கிறது), சில நாள் அதற்குப் பதிலாக "புல் கீ, வெயிட் 10 செகண்ட்ஸ்", அதாவது சாவியை உருவிப் பத்து விநாடி பொறு என்று வருகிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் ஒழுங்காக நிற்கிறது, ஆனால் கராஜிலிருந்து ரிவர்ஸ் எடுத்து ஒரு வண்டி நீளம் வருவதற்குள் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட் ஆகும், மறுபடி நகர்த்தினால் மறுபடி அணையும். சாவியை எடுத்து, கொஞ்சம் பொறுத்து, திரும்பப் போட்டால் சில சமயம் எல்லாம் சரியாகி நாள் முழுக்க ஓடுகிறது.

டீலரிடம் போன் போட்டுக் கேட்டேன். ஸ்டீயரிங் காலத்தையே மாற்ற வேண்டும் என்று, வண்டியைப் பார்க்காமலே சொன்னார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். இணையத்தில் தேடினால் எல்லோரும் "பைபாஸ் பெட்டி (பூட்டை ஓரங்கட்டும் சின்ன மின்பெட்டி) வாங்கிச் சொருகு, வேலை முடிந்தது" என்கிறார்கள். ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பயமாக இருக்கிறது. எழுபது மைல் வேகத்தில் போகும்போது பூட்டிக்கொண்டால் கதை முடிந்தது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையகார்_பைத்தியம்

நம்ம சங்கத்துக்கு நல்வரவு. சி5 வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தத் திரையைப் பார்த்தே தீருவார்கள் என்று சொல்வார்கள்.

கவலைப்படாதீர்கள், எழுபதில் பூட்டாது. அந்தப் பூட்டின் மோட்டாருக்குப் "பூட்டு" என்று கட்டளை போவது சாவியை வெளியே உருவிய பிறகுதான், ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை உருவ முடியாது. உண்மையான ஆபத்து நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது: காலையில் பூட்டு விலகாமலேயே வண்டி கிளம்பிவிடுவது. ஆக்சிலரேட்டர் வேலை செய்யும், ஸ்டீயரிங் திரும்பாது. அதைத் தடுக்கத்தான் வண்டி நகர்ந்ததும் பெட்ரோலை நிறுத்துகிறார்கள். உங்கள் வண்டி அணைவது கோளாறு இல்லை, அது தன் வேலையைச் செய்கிறது. பூட்டு விலகியதா இல்லையா என்று அதற்கு உறுதியாகத் தெரியவில்லை, அதுதான் கோளாறு.

பக்கத்துவீட்டு_மெக்கானிக்

காலத்துக்கு அடியில் ரப்பர் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டு தம்பி, எல்லாம் சரியாகும். 😄

கறுப்பு_சி5

அண்ணா தட்டியும் பார்த்தாயிற்று. தட்டினதால் சரியானதா, தானாகச் சரியானதா என்று சொல்ல முடியவில்லை.

ஹூஸ்டன்_வயர்மேன்

தட்டுவதையெல்லாம் விடுங்கள். முதலில் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் பைபாஸ் பற்றிப் பேசலாம்.

சாவியை உருவும்போது ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து கிர்ர் என்று மோட்டார் சத்தம் வருகிறதா, திரும்ப ஸ்டார்ட் செய்யப் போகும்போது அதே சத்தம் வருகிறதா? அந்த எச்சரிக்கை வரும் நேரத்தில் ஸ்டீயரிங் கையால் திரும்புகிறதா, இல்லை நிஜமாகவே பூட்டியிருக்கிறதா? இது ரொம்ப முக்கியம், இரண்டும் வேறு வேறு நோய். பேட்டரி எத்தனை வருஷப் பழசு? எஞ்சின் அணைந்திருக்கும்போதும் ஓடும்போதும் வோல்ட் எவ்வளவு? மீட்டர் இல்லையென்றால் டேஷ்போர்டில் கேஜஸ் பட்டனை அழுத்திக்கொண்டே போங்கள், ஆயில் பிரஷர், சூடு எல்லாம் தாண்டி பேட்டரி வோல்ட் வரும்.

கறுப்பு_சி5

சத்தம் இரண்டு பக்கமும் வருகிறது, ஆனால் காலையில் கொஞ்சம் சோர்வாக, இழுத்து இழுத்து வருகிறது. ஸ்டீயரிங் பெரும்பாலும் நன்றாகத் திரும்புகிறது, அப்போதும் எச்சரிக்கை வருகிறது. நிஜமாகவே பூட்டி நின்றது மிகக் குறைவு, அதுவும் வீட்டுக்கு வெளியே கர்ப் (தெருவோரத் திட்டு) ஓரமாக நிறுத்தினபோது. பேட்டரி எனக்கு முன்னால் வைத்திருந்தவர் போட்டது, ஸ்டிக்கர் கிழிந்துபோய் வருஷம் தெரியவில்லை. வோல்ட் காலையில் 11.9, ஓடும்போது 14-க்குக் கொஞ்சம் கீழே.

ஹூஸ்டன்_வயர்மேன்

11.9 என்றால் பேட்டரி காலி என்று அர்த்தம் தம்பி. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றாலே பாதிதான் மிச்சம். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது எவ்வளவு கீழே விழுகிறது என்று பாருங்கள், 9.6-க்குக் கீழே போனால் பேட்டரிக்கு விடைகொடுக்கும் நேரம் வந்துவிட்டது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதே என்று ஏமாறாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் முரட்டுப் பொருள், வோல்ட் குறைந்தாலும் முக்கி முனகிச் சுற்றிவிடும். கம்ப்யூட்டர்களும் அந்தப் பூட்டின் குட்டி மோட்டாரும் அப்படி இல்லை, அதே நொடியில் தடுமாறிவிடும்.

நடப்பது என்னவென்றால்: சாவி போட்டதும் பாடி கம்ப்யூட்டர் (எஞ்சின் தவிர்த்த மின்வேலைகளைக் கவனிப்பது) பூட்டு மோட்டாருக்கு "திற" என்று சொல்கிறது. மோட்டார் ஓடி, ஸ்டீயரிங்கைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் முள்ளை இழுக்கிறது. முள் முழுதாக வெளியே வந்ததா என்று ஒரு சிறிய ஸ்விட்ச் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அது பூட்டியிருப்பதாகவே எடுத்துக்கொண்டு எஞ்சின் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். மோட்டார் சோம்பலாக ஓடினாலும் பதில் தாமதம், வயரில் பச்சை பூத்திருந்தாலும் பதில் வராது, ஸ்விட்ச் தேய்ந்திருந்தாலும் வராது. ஸ்டீயரிங் தாராளமாகத் திரும்பும்போதே எச்சரிக்கை வருகிறது என்று நீங்கள் சொன்னது இதில்தான் பொருந்துகிறது. முள் விலகிவிட்டது, தகவல்தான் போய்ச் சேரவில்லை. இதற்குக் காலத்தையே மாற்றச் சொல்வது, தபால்காரர் வரவில்லை என்பதற்காக வீட்டை இடிப்பது.

கர்ப் ஓரம் பூட்டியது வேறு. சக்கரம் கர்ப்பில் முட்டித் திரும்பிய நிலையில் நின்றால் டயரின் முறுக்கு முழுக்க அந்த முள்ளின் மேல் விழுகிறது, பலவீனமான மோட்டாரால் அதை இழுக்க முடியாது. சாவியைத் திருகும்போதே ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக ஆட்டிக் கொடுங்கள், முள் தளர்ந்துவிடும். நிறுத்தும்போது சக்கரத்தை நேராக்கி நிறுத்துங்கள்.

சட்டப்புள்ளி

ஒரு சந்தேகம். பழைய வண்டிகளில் எல்லாம் சாவித்துளைக்குப் பக்கத்திலேயே ஒரு இரும்பு நாக்கு, சாவியை எடுத்ததும் டக்கென்று பூட்டும், மோட்டாரும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. இதற்கு எதற்கு மோட்டார், ஸ்விட்ச், கம்ப்யூட்டர்? வேலை மெனக்கெட்டு ஏன் சிக்கலாக்கினார்கள்?

பழையகார்_பைத்தியம்

நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும் கூட. 1969 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளின் சாவியை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் காலத்துக்கு மாற்றியது, கொர்வெட்டும் அதில் சேர்த்தி. திருட்டைத் தடுக்க ஸ்டீயரிங்கைப் பூட்டும் வழக்கம் அப்படித்தான் அங்கே பரவலானது. 1970 தொடக்கத்தில் 114-ஆம் எண் கொண்ட அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதியும் அமலுக்கு வந்தது. சாவி காலத்தில் இருந்தால் இரும்பு நாக்கு போதும், நீங்கள் சொன்னது சரி.

ஆனால் 1997-ல் வந்த சி5-ல் சாவியைத் திரும்ப டேஷ்போர்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஓட்டுநருக்கு அது வசதி, பார்க்கவும் அழகு. ஆனால் சாவிக்கும் காலத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது, இரும்பு நாக்கு எட்டாது. எட்டாத இடத்துக்கு வயர் போட்டார்கள், வயரின் முனையில் மோட்டார் வைத்தார்கள். இந்த இழையில் நாம் புலம்புகிற புலம்பல் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வந்தது.

அபுதாபிக்காரன்

என்னிடம் பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்கிற ஜப்பான் டூ-சீட்டர் இருக்கிறது, அதிலும் இதே மின்பூட்டுத் தலைவலி. ஆனால் ஒரு வித்தியாசம். என் வண்டியில் பூட்டு விலகவில்லை என்றால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. பட்டனை அழுத்துவோம், சாவி படம் போட்ட விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் சுற்றாது, அவ்வளவுதான். உங்களுடையதில் எஞ்சினை ஓடவிட்டு, நகர்ந்த பிறகு நிறுத்துகிறார்கள். ஏன் அப்படி? முதலிலேயே ஸ்டார்ட் ஆகாமல் தடுத்துவிட்டால் நிம்மதியாக இருந்திருக்குமே.

ஹூஸ்டன்_வயர்மேன்

அதே கேள்விதான் பிற்பாடு பெரிய பிரச்சினையாகவும் வந்தது. 2004-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பூட்டுக்காகவே சி5 வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது, அதுதான் ரீகால். காரணம் என்னவென்றால், பூட்டு விலகாவிட்டால் பெட்ரோலை நிறுத்த வேண்டும் என்பது வடிவமைப்பு, ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் வோல்ட் குறைந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ அந்த நிறுத்தம் நடக்காமல் போகலாம். அப்போது வண்டி நகரும், ஸ்டீயரிங் திரும்பாது. கவனித்தீர்களா, பூட்டு தடுமாறுவதற்கும் வோல்ட்தான் காரணம், பூட்டுத் தடுமாற்றத்திலிருந்து காப்பாற்ற வைத்த ஏற்பாடு தோற்பதற்கும் அதே வோல்ட்தான் காரணம். அதனால்தான் பேட்டரி, பேட்டரி என்று கத்துகிறேன்.

ரீகாலில் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்குப் பூட்டையே செயலிழக்கச் செய்துவிட்டார்கள். மேனுவல் வண்டிகளில் பூட்டை விட்டுவைத்து, பெட்ரோல் நிறுத்தம் பிசகாமல் நடக்கிற மாதிரி கம்ப்யூட்டர் பக்கம் வேலை பார்த்தார்கள்.

சட்டப்புள்ளி

மேனுவல்காரன் என்ன பாவம் செய்தான்? ஆட்டோமேட்டிக்கில் தேவையில்லாத பூட்டு மேனுவலில் மட்டும் எதற்கு?

(இரண்டு நிமிஷம் கழித்து) சரி, விதியைப் படித்துவிட்டு நானே பதில் சொல்கிறேன். அந்த 114-ஆம் எண் விதி என்ன கேட்கிறது என்றால், சாவியை எடுத்ததும் எஞ்சின் ஓடக்கூடாது, அதோடு ஒன்று ஸ்டீயரிங் பூட்ட வேண்டும் அல்லது வண்டி தன் சக்தியில் முன்னே போக முடியாமல் இருக்க வேண்டும், இரண்டில் ஏதாவது ஒன்று போதும். ஆட்டோமேட்டிக்கில் கியரைப் பார்க்கில் போட்டால்தான் சாவி வெளியே வரும், பார்க்கில் வண்டி நகராது, விதி திருப்தி. மேனுவலில் பார்க் கிடையாது, கிளட்சை மிதித்தால் வண்டி விடுதலை. அதனால் ஸ்டீயரிங் பூட்டு அங்கே தங்கிவிட்டது. எனக்குப் புரிந்தவரை இதுதான் காரணம், வேறு காரணம் தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஹூஸ்டன்_வயர்மேன்

அதேதான். 2001-லிருந்து அமெரிக்காவுக்கான ஆட்டோமேட்டிக்கில் தொழிற்சாலையிலேயே பூட்டு வைப்பதை நிறுத்திவிட்டார்கள், மேனுவல் 2004-ல் சி5 முடியும்வரை பூட்டோடுதான் வந்தது.

கறுப்பு_சி5 தம்பிக்கு: உங்கள் வண்டிக்கு ரீகால் வேலை நடந்ததா என்று பாருங்கள். அரசாங்க இணையதளத்தில் வண்டி எண்ணை (நம்பர் பிளேட் எண் இல்லை, தொழிற்சாலை கொடுத்த வின் எண்) போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது, பதினைந்து வருஷத்துக்கு மேல் பழைய ரீகால்களை அது காட்டாது. "ஒன்றும் நிலுவையில்லை" என்று வந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். டீலரிடம் வண்டி எண்ணைக் கொடுத்து, பழைய ரீகால் வரலாற்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

பைபாஸ்_பக்தன்

இவ்வளவு பாடம் எதற்கு என்று புரியவில்லை. பைபாஸ் பெட்டி வாங்கு, காலத்துக்கு அடியில் இருக்கிற பூட்டு மோட்டாரின் கனெக்டரைக் கழற்று, பெட்டியை நடுவில் சொருகு, அரை மணி நேர வேலை. மோட்டாருக்கு இனி மின்சாரமே போகாது, கம்ப்யூட்டருக்குப் "பூட்டு விலகிவிட்டது" என்ற பதிலைப் பெட்டியே சொல்லிவிடும். நான் போட்டு வருஷக்கணக்காக ஓடுகிறேன், ஒரு தரம் கூட அந்த எச்சரிக்கை வரவில்லை. பேட்டரி, எர்த் என்று தேடிக்கொண்டே இருந்தால் வண்டி ஓட்டுவது எப்போது?

ஹூஸ்டன்_வயர்மேன்

பைபாஸுக்கு நான் எதிரி இல்லை. முதல் வேலையாக அதைப் போடுவதற்குத்தான் எதிரி. பூட்டு மோட்டார் பலவீனமான வோல்ட்டை முதலில் காட்டிக்கொடுக்கிற ஆள், அதன் வாயை அடைத்துவிட்டால் அடுத்து விண்டோ, அலாரம், டிராக்ஷன் கண்ட்ரோல் என்று ஒவ்வொன்றாகப் புலம்ப ஆரம்பிக்கும், அப்போது எங்கிருந்து தேடுவது?

இன்னொன்று, இதைத் தம்பி நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டி வண்டியிடம் "விலகிவிட்டது, விலகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், நிஜமாக விலகியிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அதனால் முள் முழுதாக விலகிய நிலையில் மட்டும்தான் மோட்டார் கனெக்டரைக் கழற்ற வேண்டும். சாவியைப் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை முழுசாகத் திருப்பிப் பார்த்து, எங்கேயும் தட்டவில்லை என்று உறுதியான பிறகு கழற்றுங்கள். பாதி வெளியே வந்த முள்ளோடு கழற்றிவிட்டுப் பெட்டியைச் சொருகினால் பெட்ரோல் நிறுத்தம் என்ற காவல்காரனையும் தூங்க வைத்துவிட்டீர்கள்.

பைபாஸ்_பக்தன்

அது சரி, அதை மறுக்கவில்லை. பெட்டியோடு வரும் தாளிலும் முதல் வரியே அதுதான்.

அபுதாபிக்காரன்

எங்கள் பக்கம் சிலர் இன்னும் சுலபமாகச் செய்வார்கள், எஞ்சின் ஓடும்போது, அதாவது பூட்டு விலகியிருக்கும்போது, அந்தப் பூட்டுக்கான ஃபியூஸை உருவிவிடுவார்கள். அதன் பிறகு அது பூட்டவே பூட்டாது. சில வண்டிகளில் இது நடக்கும், சில வண்டிகளில் கம்ப்யூட்டர் பதில் கேட்டு அடம் பிடிக்கும்.

ஹூஸ்டன்_வயர்மேன்

சி5 அடம் பிடிக்கிற சாதி. பதில் வராவிட்டால் பூட்டியிருக்கிறது என்றே முடிவுகட்டும். ஃபியூஸ் வித்தை வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வண்டியின் சொந்த நோய்க்குறிப்பைப் படியுங்கள், இதற்கு ஸ்கேனர் தேவையில்லை. சாவியை ஆன் நிலையில் வையுங்கள், எஞ்சின் ஓட வேண்டாம். ரீசெட் பட்டனை அழுத்தித் திரையில் இருக்கும் எச்சரிக்கைகளை அகற்றுங்கள். ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஃப்யூயல் பட்டனைப் பத்து விநாடிக்குள் நான்கு தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் குறியீடுகள் ஓடும். 10 என்றால் எஞ்சின் கம்ப்யூட்டர், 40 என்றால் பாடி கம்ப்யூட்டர், உங்களுக்கு இந்த இரண்டும் வேண்டும். குறியீட்டின் கடைசியில் சி என்று வந்தால் இப்போது இருக்கிற கோளாறு, ஹெச் என்று வந்தால் எப்போதோ வந்து போனது. எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், அது வேகமாக ஓடும். நிறைய கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் ஹெச் குறியீடுகள் கொட்டிக் கிடந்தால் அது பூட்டின் குற்றம் இல்லை, மின்சாரத்தின் குற்றம்.

அடுத்து பேட்டரியைத் தூக்கி வெளியே வையுங்கள். வெறுமனே டெர்மினலைத் துடைத்துவிட்டு வராதீர்கள், பேட்டரியை முழுசாக வெளியே எடுத்து அடியில் பாருங்கள். சி5-ல் பேட்டரி முன் பானெட்டுக்குள், பயணி பக்கம் பின் மூலையில், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பக்கவாட்டில் டெர்மினல் இருக்கும் பேட்டரி, அந்த இடத்தில் கசிய ஆரம்பித்தால் அமிலம் நேராகக் கீழே இறங்கும். கீழே யார் இருக்கிறார் என்றால் வயர் கற்றையும் எஞ்சின் கம்ப்யூட்டரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கறுப்பு_சி5

அண்ணா, பார்த்தேன். தட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது, பேட்டரியின் ஒரு பக்கம் ஈரம். கீழே போகிற வயர் கற்றையின் மேல் சுற்று ஒரு இடத்தில் தொட்டதும் உதிர்கிறது. நல்லவேளை உள்ளே செம்பு தெரியவில்லை, கம்ப்யூட்டர் கனெக்டரும் சுத்தமாக இருக்கிறது. குறியீடுகள் நீங்கள் சொன்ன மாதிரியே, ஏழெட்டு இடத்தில் ஹெச், 40-ல் மட்டும் சி.

ஹூஸ்டன்_வயர்மேன்

இது போதும், பாதி நோய் பிடிபட்டுவிட்டது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றுங்கள், நுரைப்பது நிற்கும்வரை. கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் படாமல் மூடி வையுங்கள். உதிர்கிற சுற்றைப் பிரித்து ஒவ்வொரு வயராகத் தடவிப் பாருங்கள், மெத்தென்று வீங்கியிருந்தால் அந்த வயரில் அமிலம் உள்ளே ஏறிவிட்டது, வெட்டி ஒட்ட வேண்டும். ஏஜிஎம் வகை பேட்டரி வாங்குங்கள், அதில் கசிந்து ஓடும் திரவம் இல்லை, இந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம்.

பிறகு எர்த். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கொர்வெட்டின் உடம்பு இரும்பு இல்லை, ஃபைபர் பேனல். சாதாரணக் காரில் எங்கே திருகினாலும் எர்த் கிடைக்கும், இங்கே கிடைக்காது, ஒவ்வொரு எர்த்தும் வயராக ஓடி அடியில் இருக்கிற இரும்பு ஃபிரேமுக்கோ எஞ்சினுக்கோ வந்து சேர வேண்டும். இருபது வருஷத்தில் அந்த போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

சரியாகிவிட்டதா என்பதை நம்பிக்கையின் பேரில் விடாமல் மீட்டரால் அளந்து பாருங்கள். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில், மறு முனையை எஞ்சின் இரும்பில், அப்புறம் ஃபிரேமில் வைத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்ய இன்னொருவர் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட் காட்டினால் வழியில் எங்கேயோ அடைப்பு.

சட்டப்புள்ளி

அளவு ஓம்ஸில் பார்த்தால் ஆகாதா? கன்டின்யூட்டி பீப் வருகிறதே.

ஹூஸ்டன்_வயர்மேன்

ஆகாது. ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் பீப் வரும், ஓம்ஸ் பூஜ்ஜியம் காட்டும். பெரிய கரண்ட் ஓடும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் வெளியே வரும். அதனால் ஓட்டத்தில்தான் அளக்க வேண்டும்.

பைபாஸ்_பக்தன்

அண்ணன் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார், நோட்டு எடுத்து வையுங்கள். 🙏

கறுப்பு_சி5

முன்னேற்றம் சொல்கிறேன். புது ஏஜிஎம் பேட்டரி, தட்டு கழுவியாயிற்று, இரண்டு வயர் வெட்டி ஒட்டினேன், எர்த் போல்ட் எல்லாம் தேய்த்து இறுக்கினேன். முன்னால் எர்த் சோதனையில் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தது, இப்போது 0.1 பக்கம். காலையில் 12.6. பூட்டு மோட்டாரின் சத்தமே மாறிவிட்டது, சட்டென்று ஒரு கிர்ர், முடிந்தது. "சர்வீஸ் காலம் லாக்" காணோம்.

ஆனால் முழு வெற்றி இல்லை. "புல் கீ" மட்டும் அபூர்வமாக எட்டிப் பார்க்கிறது. சாவியை ஆன் நிலையில் வைத்து லேசாக ஆட்டினால் திரை ஒரு கணம் மங்கி வருவதையும் கவனித்தேன்.

ஹூஸ்டன்_வயர்மேன்

அது சாவித் துளைக்குப் பின்னால் இருக்கிற இக்னிஷன் ஸ்விட்ச். சி5-ல் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் காலப்போக்கில் தேய்ந்து கறுக்கும். சாவிக் கொத்தில் வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, பொம்மை எல்லாம் தொங்கினால் இன்னும் சீக்கிரம். சிலர் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள், நான் மாற்றிவிடுவதே நல்லது என்பேன், உள்ளே குட்டி ஸ்பிரிங்குகள் தெறித்துப் போனால் கராஜ் தரையில் தவழ வேண்டியிருக்கும்.

டேஷ்போர்டைக் கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டீயரிங் காலத்தைச் சுற்றி மஞ்சள் நிறக் கனெக்டர் எதைக் கண்டாலும் அது ஏர்பேக். பேட்டரியை மறுபடி கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம் கை வையுங்கள். மஞ்சள் வயரில் மீட்டர் முனையை வைப்பது கனவிலும் வேண்டாம்.

சட்டப்புள்ளி

ஒரு வேளை கடைசியில் பைபாஸ் போட்டால், திருட்டுப் பாதுகாப்பு போய்விடாதா? இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டால்?

பழையகார்_பைத்தியம்

சி5 சாவியைக் கையில் எடுத்துப் பாருங்கள், உலோகத்தில் ஒரு கறுப்பு வில்லை பதித்திருக்கும். அதற்குள் ஒரு மின்தடை, மொத்தம் பதினைந்து மதிப்புகளில் ஒன்று. வண்டி அந்த மதிப்பை அளந்து, பொருந்தினால்தான் ஸ்டார்ட் ஆகவிடும். பூட்டை எடுத்தாலும் இது அப்படியே இருக்கும். ஸ்டீயரிங் பூட்டை நம்பி யாரும் கொர்வெட்டைத் தெருவில் விடுவதில்லை, திருடுகிறவன் டோ வண்டியோடு வந்தால் பூட்டு என்ன செய்யும். இன்சூரன்ஸ் பத்திரத்தை மட்டும் ஒரு தடவை படித்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுப் பரிசோதனை விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலை வைத்த ஸ்டீயரிங் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்கிற நாடுகள் உண்டு.

கறுப்பு_சி5

இக்னிஷன் ஸ்விட்ச் மாற்றியாயிற்று. பழையதைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு தொடுமுனை கரிக்கட்டியாக இருந்தது. அதற்குப் பிறகு குளிரிலும் மழையிலும் ஓட்டிவிட்டேன், திரை சுத்தமாக இருக்கிறது. ரீகால் வேலை முந்தைய உரிமையாளர் காலத்திலேயே நடந்திருக்கிறது என்று டீலர் சொன்னார், அதே டீலர்தான், காலத்தை மாற்றச் சொன்னவர். பைபாஸ் இப்போதைக்கு வாங்கவில்லை. மோட்டார் நிஜமாகவே செத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வயர்மேன் அண்ணாவுக்கு ஒரு பிரியாணி கடன்.

ஹூஸ்டன்_வயர்மேன்

பிரியாணியை ஹூஸ்டனுக்கு வந்து கொடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பீர்கள் என்றால் பேட்டரி மெயின்டெய்னர் (சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன சார்ஜர்) ஒன்று சொருகி வையுங்கள். இதில் நிறுத்தி வைத்தாலும் கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் தூங்கிய பிறகு ஐம்பது மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு மேல் ஓடினால் எங்கேயோ ஏதோ விழித்திருக்கிறது.

புதுசா_வந்தவன்

இழை முழுக்கப் படித்தேன். 1999 ஆட்டோமேட்டிக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இந்தப் பூட்டு விஷயத்தில் பார்க்கப் போகும்போது என்ன சோதிக்க வேண்டும்?

ஹூஸ்டன்_வயர்மேன்

1999 ஆட்டோமேட்டிக் என்றால் பூட்டோடு பிறந்த வண்டி, ரீகாலில் பூட்டை முடக்கியிருக்க வேண்டும். பார்க்கில் போட்டு, சாவியை உருவி, ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். பூட்டாமல் திரும்பினால் ரீகால் வேலை நடந்திருக்கிறது அல்லது யாரோ பைபாஸ் போட்டிருக்கிறார்கள், எது என்று விற்பவரிடம் கேளுங்கள், காலத்துக்கு அடியில் டார்ச் அடித்தும் பாருங்கள். பூட்டினால் ரீகால் பாக்கி இருக்கிறது, விலை பேசுவதற்கு முன்பே வண்டி எண்ணை டீலரிடம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். மறக்காமல் பேட்டரியைத் தூக்கி அடியில் பாருங்கள். தூக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் வேறு வண்டி பாருங்கள்.